33 வயதில் அன்பை ஏற்கப் பழக முடியுமா?

கேள்வி: மாலைநேரம்

அனைவருக்கும் வணக்கம். இதை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்துவிட்டேன். இன்று அழிக்காமல் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். என் வயது 33. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திருச்சியில் கணவருடனும் மாமியாருடனும் வசிக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. கணவர் மீது குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை என்னிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது குறைதானா, இந்த வயதுக்கு மேல் அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கவே வந்தேன்.

நான் பிறந்தது திண்டுக்கல்லில். அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை செய்தார். கைத்தொழிலில் கெட்டிக்காரர், ஒரு மாங்காய்ப் பூட்டை முதலிலிருந்து சாவி வரை தனி ஆளாகச் செய்து முடிப்பார். ஆனால் குடி. மாலையில் அவர் வீடு திரும்பும் சத்தத்தை வைத்துத்தான் அன்றைய இரவு எங்களுக்கு எப்படி இருக்கும் என்பது முடிவாகும். சைக்கிள் ஸ்டாண்டு ஒரே தட்டில் நின்றுவிட்டால் சாப்பாடும் தூக்கமும் உண்டு. அது நழுவி, தரையில் இரண்டு மூன்று முறை உரசினால், நானும் அம்மாவும் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட வேண்டும். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எனக்கு அந்தச் சத்தம் அத்துப்படி.

எனக்கு ஏழு வயதானபோது, வேலையில் மிஞ்சிய பித்தளைத் துண்டைக் கொண்டு கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டு செய்து, அதன் சாவியைக் கறுப்பு நூலில் கோத்து என் கழுத்தில் கட்டிவிட்டார் அப்பா. அதே வாரத்தில்தான் அம்மாவின் கை முறிந்தது. இவை இரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பதை என்னால் இன்றுவரை ஒன்றுசேர்த்துப் பார்க்க முடியவில்லை. அந்தப் பூட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஒன்பது வயதில் அம்மா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே என் தலையை வாரிவிட ஆளில்லை என்று முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து விடுதி. யாரிடமும் எதையும் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். அந்தப் பழக்கத்தால்தான் படித்து வேலைக்கும் வந்தேன், அதை நான் மறுக்கவில்லை.

இப்போது என் கணவர் பைக்கை வாசலில் நிறுத்தும் நேரத்தில் என் கை வேலை தானாக நின்றுவிடுகிறது. அவர் குடிப்பதே இல்லை. அது தெரிந்தும் காது கேட்கிறது. என் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு துணிப்பையில், எந்த நேரமும் எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடிய வகையில், பீரோவின் மேல் தட்டில் இருக்கின்றன. அவருக்குத் தெரியாத ஒரு வங்கிக் கணக்கும் உண்டு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் விடுப்பு எடுத்துக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "வைத்துவிட்டுப் போங்கள்" என்று கடுமையாகச் சொன்னேன். எங்களுக்குள் ஒரு சிறு மனத்தாங்கல் வந்தாலும் மூன்று நாள் பேசமாட்டேன். அந்த மூன்று நாளும், இவரை விட்டுப் பிரிந்தால் வாடகை எவ்வளவு ஆகும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அத்தை எண்ணெயைக் காய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துவந்து, "உட்காரும்மா, தேய்த்துவிடுகிறேன்" என்றார். உச்சந்தலையில் அவர் கை பட்டதும் என் கழுத்து கட்டையாக இறுகிவிட்டது. தலைவலிக்கிறது என்று பொய் சொல்லி எழுந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை ஒரு தட்டால் மூடி வைத்தார். அந்த மூடிய கிண்ணம் எனக்கு மறக்கவே இல்லை.

சென்ற வாரம் என் கணவர், கோபமே இல்லாமல், "இரண்டு வருஷமாக நான் உன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் மீது எனக்கு அன்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஆனால் அவர் அருகில் வரும்போது என் உடம்பு வேறு ஒன்றைச் சொல்கிறது. இப்படி வளர்ந்தவர்கள் யாராவது இதிலிருந்து வெளியே வந்திருக்கிறீர்களா?

பதில்: உளவியல் பணியில் ஒருவர்

வணக்கம், சகோதரி. அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் நெடுநாளாகப் பணிபுரிகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லை மட்டும் முதலில் எடுத்துவிட விரும்புகிறேன்; "குறை" என்ற சொல்லை. ஸ்டாண்டு உரசும் சத்தத்திலிருந்து அந்த இரவைக் கணித்துத் தாயோடு தொழுவத்துக்குப் போன குழந்தை எதையும் தவறாகக் கற்றுக்கொள்ளவில்லை. மிகச் சரியாகக் கற்றுக்கொண்டது. அந்தப் பாடம் தேவைப்பட்ட வீடு இப்போது இல்லை என்ற செய்தி உங்கள் அறிவுக்கு எட்டிவிட்டது, உடம்புக்கு இன்னும் எட்டவில்லை.

துறையில் நாங்கள் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஒரு ஆய்வைச் சொல்கிறேன். மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1960களில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், ஒரு வயதுக் குழந்தைகளைத் தாய் சில நிமிடங்கள் அறையில் விட்டுச் சென்று திரும்பும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். பல குழந்தைகள் அழுது, தாய் வந்ததும் அவளிடம் ஒட்டிக்கொண்டு, சற்று நேரத்தில் தேறி விளையாடப் போயின. சில குழந்தைகளோ அழவே இல்லை. தாய் திரும்பி வந்தபோது நிமிர்ந்தும் பார்க்காமல் பொம்மையோடு இருந்தன. பார்ப்பவர்களுக்கு அவை தைரியசாலிகளாகவே தெரியும். பின்னர் 1977இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற இருவர் இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து எழுதினார்கள். அழாத குழந்தையின் இதயமும் வேகமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. தாய் வேண்டும் என்ற தேவை அதற்கு இல்லாமல் போய்விடவில்லை. அதைக் காட்டுவதால் பயனில்லை, சில சமயம் ஆபத்து என்று அந்தக் குழந்தை கண்டுகொண்டிருந்தது, அவ்வளவே. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு "வைத்துவிட்டுப் போங்கள்" என்று நீங்கள் சொன்ன இடத்தைப் படித்தபோது எனக்கு அந்தக் குழந்தைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இன்னொன்று, அந்தச் சிறு பூட்டு. எயின்ஸ்வொர்த்தின் மாணவி மேரி மெய்ன், 1980களில் வேறொரு வகைக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்கள் பெற்றோரை நோக்கிப் போவார்கள், பாதி வழியில் உறைந்து நின்றுவிடுவார்கள். அல்லது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே நெருங்குவார்கள். பயம் வந்தால் ஓடி அடைக்கலம் புகவேண்டிய ஆளே பயத்துக்கும் காரணமாக இருந்தால், குழந்தைக்குப் போக வழியில்லை. பூட்டு செய்து தந்த கையையும் அம்மாவின் கையை முறித்த கையையும் ஒன்றுசேர்த்துப் பார்க்க முடியவில்லை என்கிறீர்கள். ஏழு வயதில் அது யாராலும் முடியாது. உங்கள் கணவர் அன்பாக நடந்துகொள்ளும்போதுதான் உங்களுக்கு அதிகம் இறுகுகிறது என்பதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. உங்கள் அனுபவத்தில் பூட்டு வந்த அதே வாரத்தில்தான் அடியும் வந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முடியும் என்பதுதான் பதில், அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மெய்னும் அவருடைய சகாக்களும் பெரியவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி விரிவாகக் கேட்கும் ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார்கள். அதிலிருந்து தெரியவந்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது: ஒருவருக்குக் குழந்தைப் பருவத்தில் என்ன நடந்தது என்பதைக் காட்டிலும், நடந்ததை அவர் இன்று எப்படிச் சொல்கிறார் என்பது அவருடைய உறவுகளோடு நெருக்கமாகத் தொடர்புபட்டிருக்கிறது. மறைக்காமல், ஊதிப் பெரிதாக்காமல், நல்லதையும் கெட்டதையும் அதனதன் இடத்தில் வைத்துச் சொல்ல முடிந்தவர்கள், மிகக் கடினமான வீடுகளிலிருந்து வந்திருந்தாலும், தம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான பெற்றோராக இருப்பதைக் கண்டார்கள். பிறப்பில் கிடைக்காமல் பின்னால் சம்பாதித்துக்கொண்ட பாதுகாப்பு என்று அதற்குப் பெயர். உங்கள் கடிதம் ஏற்கெனவே அந்த வகையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

செய்ய வேண்டியது என்று நான் ஒன்றைத்தான் சொல்வேன். சண்டையே வராமல் பார்த்துக்கொள்வதில் உங்கள் பலத்தைச் செலவிடாதீர்கள். அந்த மூன்று நாளை இரண்டாக்கப் பாருங்கள். நல்ல உறவில் இருக்கும் தாயும் சேயும்கூட ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது பாதி நேரத்துக்கும் குறைவுதான் என்று எட்வர்ட் டிரோனிக் போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகள் காட்டுகின்றன. விட்டுப்போன இழையைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கட்டுவதில்தான் நம்பிக்கை வளர்கிறது. உங்கள் வீட்டில் இழை அறுந்த பிறகு அதை யாரும் எடுத்துக் கட்டியதில்லை, அதனால் ஒவ்வொரு மனத்தாங்கலும் உங்களுக்கு முடிவாகத் தெரிகிறது. "எனக்குக் கோபமில்லை, பயமாக இருக்கிறது, நாளைக்குப் பேசுகிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். எல்லாவற்றையும் ஒரே இரவில் அவரிடம் கொட்டிவிட வேண்டாம். அது உங்களையும் அவரையும் நிலைகுலையச் செய்யும். குழந்தைப்பருவ வன்முறையின் தாக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் சில மாதங்கள் தொடர்ந்து பேசுவது நல்லது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

பதில்: ஈரோடு செந்தில்

சகோதரிக்கு வணக்கம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆளின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் நானும் பல வருடம் அங்கே உட்கார்ந்திருந்தவன்.

என் மனைவி மாற்றாந்தாயிடம் வளர்ந்தவர். கல்யாணமான புதிதில் நான் எது வாங்கிக்கொண்டு போனாலும், ஒரு முழம் பூவாக இருந்தாலும், "இப்போது எதற்கு இது?" என்றுதான் கேட்பார். எனக்கு அது சுருக்கென்று தைக்கும். கொஞ்ச நாளில் வாங்கிவருவதை நிறுத்திவிட்டேன். நான் நிறுத்தியதுதான், எப்படியும் ஒரு நாள் இது நின்றுவிடும் என்று அவர் முன்னமே நினைத்திருந்ததற்குச் சாட்சியாகிவிட்டது என்பது எனக்கு நான்கு வருடம் கழித்துத்தான் விளங்கியது. அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றபடியேதான் சாப்பிடுவார், அதுவும் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு. உட்கார்ந்து சாப்பிடு என்று நான் அதட்டிப் பார்த்ததும் உண்டு, கெஞ்சிப் பார்த்ததும் உண்டு. இரண்டும் அவருக்கு ஒரே மாதிரிதான் கேட்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் பலன் தந்தது மிகச் சாதாரணமான ஒன்று. ஆறரைக்கு வருவேன் என்றால் ஆறரைக்கு வீட்டில் இருப்பேன். முடியாது என்று தெரிந்தால் ஆறேகாலுக்கே செய்தி அனுப்பிவிடுவேன். கோபம் வந்தால், "எனக்குக் கோபம், கடைத்தெரு வரை நடந்துவிட்டு எட்டு மணிக்குள் வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போவேன், எட்டு மணிக்குள் வந்தும் விடுவேன். இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாருமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போன ஒரு நாள், திரும்பி வந்தபோது அவர் இருந்த நிலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதை ஆயிரம் முறை பார்த்த பிறகுதான் அவர் ஒரு நாள் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அன்று நான் ஒன்றும் பேசவில்லை, பேசினால் எழுந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கணவருக்கு உங்கள் காதில் விழும் அந்தச் சத்தத்தைப் பற்றித் தெரியாது. தெரியாத வரையில், தன்னிடம்தான் ஏதோ பிழை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு சத்தத்தைப் பற்றி மட்டுமாவது அவரிடம் சொல்லுங்கள். காரணம் தெரிந்துவிட்டால் ஒரு மனிதனால் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் திண்ணையில் இருக்க முடியும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

மகளே, எனக்கு 64 வயது. என்னை அடித்தது என் தாய். அதை வெளியே சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லாத காலம் அது. தாயைப் பற்றி அப்படிப் பேசலாமா என்பார்கள். அதனால் நான் ஐம்பது வயது வரை யாரிடமும் சொல்லவில்லை.

செந்தில் தம்பி சொன்னது உண்மை. உளவியல் பணியில் இருப்பவர் சொன்னதும் எனக்குப் பெரும்பாலும் சரியென்றே படுகிறது; ஆனால் ஒன்றை நான் சேர்த்துச் சொல்ல வேண்டும். உன் மனது கணவரிடம் மட்டும்தான் பழக வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதே. நமக்கு மிக நெருங்கியவரிடம்தான் மிக அதிகமாகப் பயம் வரும். அன்பை வாங்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்தது ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து. அவள் மீன்குழம்பு வைத்தால் ஒரு பாத்திரத்தில் எங்களுக்கும் கொடுத்தனுப்புவாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது ஊர் வழக்கம்தானே. நான் அதற்கும் மேலே போவேன். அன்றைக்கே, இருட்டுவதற்குள், அதில் எதையாவது நிறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தால்தான் எனக்கு மூச்சு விட முடியும். ஒரு இரவுகூட யாருக்கும் கடன்பட்டிருக்க எனக்குத் துணிவு இல்லை. ஒரு நாள் வாசலில் வைத்து அவள் சொன்னாள்: "பாத்திரம் ரெண்டு நாள் உன் வீட்டுல கெடக்கட்டு பிள்ளே. எனக்கு ஒரு அவசரமும் இல்ல." நான் அந்தப் பாத்திரத்தைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். இரண்டு நாளும் அதைப் பார்க்கும்போதெல்லாம் அமைதியில்லாமல் இருந்தது. மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்; ஒன்றும் நடக்கவில்லை. இதைப் படிப்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாமல் போகலாம். உனக்குத் தெரியும்.

அந்தச் சான்றிதழ் பையைப் பற்றியும் வங்கிக் கணக்கைப் பற்றியும் நீ குற்ற உணர்ச்சியோடு எழுதியிருக்கிறாய். இரண்டும் இருக்கட்டும். பை பீரோவில் இருப்பதால்தான் நீ வீட்டுக்குள் இருக்கிறாய் என்றுகூட நான் சொல்வேன்; வெளியே போகும் வழி தெரிந்தவளுக்குத்தான் உள்ளே நிம்மதியாக உட்கார முடியும். கணக்கு இருக்கிறது என்பதை மட்டும், உனக்குத் தோன்றும் ஒரு நாளில், அவரிடம் சொல்லிவிடு. எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல வேண்டாம்.

சொந்தக்காரர்கள் அப்பாவை மன்னித்துவிடு என்று உன்னிடமும் சொல்லியிருப்பார்கள், அல்லது இனிமேல் சொல்வார்கள். மன்னித்தால்தான் அன்பு வரும் என்ற பேச்சை நான் நம்பவில்லை. என் தாயை நான் மன்னிக்கவில்லை; அவர் வைத்துக்கொடுத்த உளுந்தங்கஞ்சியின் ருசியும் எனக்கு மறக்கவில்லை. இரண்டும் என்னோடு இருக்கின்றன, ஒன்றை ஒன்று அழிக்கவில்லை. அந்தப் பித்தளைப் பூட்டை நீ தூக்கி எறியவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். அது இருக்கும் இடத்தில் இருக்கட்டும்.

உன் மாமியார் கிண்ணத்தை மூடி வைத்தார் என்று எழுதியிருக்கிறாய். மகளே, கோபக்காரி எண்ணெயைக் கொட்டியிருப்பாள். மூடி வைத்தவள் இன்னொரு நாளுக்கு வைத்திருக்கிறாள்.

மறுமொழி: மாலைநேரம் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

மூவருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை. நாகர்கோவில் அம்மா எழுதிய கடைசி இரண்டு வரிகளைப் படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் போய் நின்று அழுதேன்.

கணவரிடம் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று தெரிந்ததால், பைக்கில் அவர் பின்னால் உட்கார்ந்து காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி என்னைத் தொடவில்லை, அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். மறுநாள் பைக்கைக் கொண்டுபோய், ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்ததாம், அதை மாற்றிக்கொண்டு வந்தார். ஆனால் சத்தமே இல்லாமல் அவர் உள்ளே வந்து நின்றபோது நான் இன்னும் அதிகமாகத் திடுக்கிட்டுப் போனேன். இப்போது கேட் அருகிலேயே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வருகிறார். கை வேலை இன்னும் நிற்கத்தான் செய்கிறது. முன்பைவிடச் சீக்கிரம் திரும்பத் தொடங்குகிறது.

மனத்தாங்கல் ஒன்றும் வந்தது, என் மேல்தான் தவறு. முதல் நாள் இரவே, "பயமாக இருக்கிறது, நாளைக்குப் பேசுகிறேன்" என்று ஒரு தாளில் எழுதி அவர் தலையணை மேல் வைத்தேன். மறுநாள் பேச முடியவில்லை. அதற்கடுத்த நாள் பேசினேன். கணக்கைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. 14416 எண்ணில் பேசி, இங்கேயே பக்கத்தில் ஒருவரைப் பார்ப்பதற்கு நாள் வாங்கியிருக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. அடுக்களையில் எண்ணெய் காய்ச்சும் வாசனை வந்தது. அத்தை தனக்குத்தான் காய்ச்சிக்கொண்டிருந்தார், என்னைக் கூப்பிடவில்லை. நான் முக்காலியை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் போட்டு உட்கார்ந்தேன். "உச்சியில் மட்டும் கொஞ்சமாகப் போதும் அத்தை" என்றேன். சரி என்றார். கழுத்து முன்போலவே இறுகியது. அவர் உள்ளங்கையை உச்சியில் வைத்துவிட்டு, தேய்க்காமல், அப்படியே வைத்திருந்தார். எண்ணெய் வெதுவெதுப்பாகக் காதோரம் வழிந்தது. எழுந்துவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். பிறகு அவர், சின்ன வயதில் உனக்கு முடி எவ்வளவு நீளம் இருந்தது என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன்.